பதில் வராத கதையை என்ன செய்வது? மலைப்பக்கம் எழுதுறவங்க பேசலாம்

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

இலக்கிய இதழுக்கு அனுப்பின கதையோ கவிதையோ திரும்பி வந்தா, இல்லன்னா ஒண்ணுமே வராமப் போனா, அடுத்து என்ன செய்யணும்னு ஒரே இடத்தில் பேசி வைக்கலாம்னு இந்த இழை. மூணு கேள்வி. எத்தனை மாசம் காத்திருக்கணும்? காரணம் கேட்டு எழுதலாமா? திரும்பி வந்ததைத் திருத்தணுமா, அப்படியே அடுத்த இதழுக்கு அனுப்பணுமா?

ஒரு வேண்டுகோள். "நானும் பத்து வருஷம் அடிபட்டவன்தான் தம்பி" வகைப் பதிவுகள் வேண்டாம். செய்முறை மட்டும் சொல்லுங்க.

கவ்வாத்துக்கத்தி (குன்னூர்)

முதலில் மௌனத்தைப் பற்றி. தமிழில் பெரும்பாலான இதழ்கள் மறுப்புக் கடிதம் எழுதுவதில்லை. தபால்தலை ஒட்டி, சுயவிலாசம் எழுதிய உறையை உடன் வைத்த காலத்தில் "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று அச்சடித்த சீட்டாவது வந்தது. மின்னஞ்சல் வந்தபின் அதுவும் நின்றுபோனது. ஆகவே மௌனம் என்பது மூன்றில் ஒன்று: இன்னும் படிக்கவில்லை, படித்து வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள், படித்துப் பிடித்துப்போய் ஏதோ ஒரு இதழுக்கென எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆபத்து மூன்றாவதில்தான். எட்டாவது மாதம் ஒரு சொல்லும் சொல்லாமல் கதை அச்சில் வந்து நிற்கும். அதற்குள் நீங்கள் வேறு இதழுக்குக் கொடுத்து அங்கேயும் வந்திருந்தால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள். அந்த ஞாபகம் உங்களுக்கு வேண்டாம்.

செய்முறை இதுதான். இதழ் தானே ஒரு கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடுவுக்கு மேல் இரண்டு வாரம். சொல்லாவிட்டால் 90 நாள். அதன்பின் ஒரே ஒரு விசாரிப்பு. புது மின்னஞ்சலாக வேண்டாம். கதையை அனுப்பிய அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகப் போகட்டும், ஆசிரியர் இணைப்பைத் தேட வேண்டியிருக்காது.

"வணக்கம். மார்ச் 4 அன்று அனுப்பிய சிறுகதை (2,300 சொற்கள்) பரிசீலனையில் உள்ளதா என அறிய விரும்புகிறேன். நன்றி."

இவ்வளவுதான். 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் திரும்பப் பெறும் கடிதம்:

"வணக்கம். மார்ச் 4 அன்று அனுப்பிய சிறுகதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பரிசீலனையிலிருந்து நீக்கிவிடவும். வேறு படைப்போடு பின்னர் எழுதுகிறேன்."

பலர் இந்த இரண்டாவது கடிதத்தை விட்டுவிடுகிறார்கள். அடுத்த இதழுக்குக் கதை போகும் நாளில், அதற்கு முன் இது போயிருக்க வேண்டும். இதில் வருத்தமும் குத்தலும் ஒரு சொல்கூடக் கூடாது. "பதில் போடக்கூட நேரமில்லாத தங்களுக்கு" என்று தொடங்கும் கடிதங்களை ஆசிரியர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். மாத இதழ்களில் முந்தின மாதம் மூன்றாவது வாரம் பக்க வடிவமைப்பு நடக்கும். அந்த நாட்களில் விசாரித்தால் பதில் வராது. மாத முதல் வாரத்தில் கேளுங்கள். தீபாவளி மலருக்கு அனுப்பியது மலரில் வரவில்லையென்றால், அது மாத இதழின் மேசைக்குத் தானாகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தீபாவளி முடிந்த வாரமே திரும்பப் பெறுங்கள்.

தேவாலாமழை

கத்தி அண்ணன் சொன்னதுக்கு ஒரு படி முன்னாடி போறேன். கதை போய்ச் சேரவே இல்லன்னா அதுக்குப் பேரு மறுப்பு இல்ல. அதுக்காக யாரும் மனசு ஒடியத் தேவையில்ல.

எங்க பக்கம், கூடலூர் பந்தலூர்ல, ஜூன்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு மழை. மரம் விழுந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல டவரும் போகும். தீபாவளி மலருக்கு அனுப்புற மாசமும் அதே மாசம்தான். கோத்தகிரி, குன்னூர்க்காரங்களுக்கு வடகிழக்கு மழை, நவம்பர். அது பொங்கல் சிறப்பிதழுக்கு அனுப்புற நேரம். கடைசி நாள் ராத்திரி 11.50க்கு பட்டனைத் தட்டிட்டுப் படுத்துட்டா, மெயில் "அனுப்ப வேண்டியவை"யிலேயே காலைல வரைக்கும் கிடக்கும். கெடுவுக்கு நாலு நாள் முன்ன அனுப்புங்க, "அனுப்பியவை"யில போய் இணைப்பைத் தொறந்து பாருங்க. ஃபைலே சேர்க்காம போன மெயில் எத்தனையோ.

எழுத்துரு. பாமினில அடிச்சதை அப்படியே அனுப்பினா, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாத்துங்க, என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். மாத்தினப்புறம் மேற்கோள் குறி, எண், "ஸ்ரீ" மூணையும் ஒரு தடவை கண்ணால பாருங்க, அங்கதான் கெடும். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீங்க. அதுலேந்து நகலெடுத்தா "கொ", "போ" எல்லாம் கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சிடும்; வடிவமைக்கிறவர் உங்க கதையைப் புதுசா அடிக்க மாட்டார். வேர்டு ஃபைல், கூடவே பார்வைக்கு ஒரு பிடிஎஃப். ஃபைலுக்குப் பேரு "கதை புதுசு கடைசி 2"ன்னு வேண்டாம். உங்க பேரு, தலைப்பு, அவ்வளவுதான்.

போன்ல பேசி எழுத்தாக்குறவங்க ற/ர, ன/ண, ழ/ள மூணையும் உரக்கப் படிச்சுத் திருத்தணும். முதல் பக்கத்துல "பனி" எல்லாம் "பணி"யா இருந்தா மேல யாரு படிப்பா?

தபால்ல அனுப்புறவங்களுக்கு: 2025லேந்து பதிவுத் தபால் தனியா இல்ல, விரைவுத் தபாலோட சேத்துட்டாங்க. ஜூலைல வாங்கி வச்ச உறை ஈரத்துல தானே ஒட்டிக்கும், பிரிச்சா கிழியும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் ஒரு துண்டு மெழுகுத்தாள் வைங்க. மை பேனால எழுதின முகவரி மேல செல்லோடேப்.

பண்ணைக்காட்டுக்காரி (கீழ்ப்பழனி)

எழுத்துரு பத்திச் சொன்னது நல்லது. ஆனா நம்ம மலைக்கதைகள் திரும்பி வர்றதுக்கு எழுத்துருவைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. முதல் பத்தி.

ஆசிரியர் மேசையில முப்பது கதை இருக்குன்னு வைங்க. மலை ஊர்லேந்து வந்தது அஞ்சு. அஞ்சும் இப்படித் தொடங்கும்:

"மூடுபனி வெள்ளைப் போர்வையாய் மலையைப் போர்த்தியிருந்தது. சில்லென்ற காற்று முகத்தை வருடியது. எங்கோ ஒரு பறவை கூவியது. முருகாயி மெல்லக் கண்விழித்தாள்."

இது பஸ்ல வந்து இறங்கினவர் கண்ணு. பூம்பாறையில பொறந்தவ காலையில எழுந்து பனியைப் பார்த்து அசந்து நிக்க மாட்டா. இந்த நாலு வரியிலயும் கதைக்கு வேண்டியது ஒண்ணுதான், முருகாயிங்கிற பேரு. மத்ததை எடுத்துட்டு உள்ளே மூணாவது பக்கத்துல கிடக்கிறதை மேல கொண்டாங்க:

"பூண்டு மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு முருகாயி இரண்டு தடவை கை கழுவினாள். வாசம் போகவில்லை. வண்டி வடுகபட்டிக்குக் கிளம்பிப் போனபிறகுதான் சீட்டைப் பார்த்தாள். நாற்பது கிலோ என்று இருந்தது. அவள் கட்டியது நாற்பத்தெட்டு."

இப்ப ஒரு ஆளு, ஒரு தொழில், ஒரு ஊர், ஒரு நஷ்டம். பனி வேணும்னா அவ வண்டிக்குப் பின்னால ஓடும்போது பனியில வண்டி மறையட்டும். அப்ப பனிக்கு ஒரு வேலை இருக்கு.

இதையே சோதனையா வச்சுக்கலாம். திரும்பி வந்த கதையில முதல் 150 சொல்லை விரலால மறைச்சுட்டுப் படிங்க. கதை புரியுதுன்னா அந்த 150ம் ஆசிரியரை வெளியே நிறுத்தி வச்ச கதவு. வெட்டிட்டு அனுப்புங்க.

குறிஞ்சியும் அப்படித்தான். 2018ல பூத்தது, அடுத்தது 2030. அந்த வருஷம் குறிஞ்சிக் கவிதை அனுப்ப நினைக்கிறவங்க, தமிழ்நாட்டுல பேனா பிடிச்ச அத்தனை பேரும் அதையேதான் அனுப்புவாங்கன்னு இப்பவே குறிச்சு வச்சுக்கங்க.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

அக்கா, விரல் வச்சு மறைக்கிற சோதனை நல்லா இருக்கு. ஒரு கிளைக் கேள்வி. படுகச் சொல், தோட்டத்துச் சொல் வர்ற கதைகளைப் "புரியவில்லை"ன்னு திருப்பினா, அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டு மறுபடி அனுப்பலாமா?

பண்ணைக்காட்டுக்காரி (கீழ்ப்பழனி)

போடாதீங்க தம்பி. அடைப்புக்குறி போட்டதும் கதை பாடப் புத்தகமாயிடும். அந்தச் சொல்லு நிக்கிற வாக்கியமே அர்த்தத்தைச் சொல்லணும். "ஹட்டியில் இருபது வீடு, எல்லாம் ஒரே வரிசை, எல்லா வாசலும் ஒரே பக்கம் பார்த்து" அப்படீன்னா ஹட்டி என்னன்னு சென்னைக்காரருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒரு பக்கத்துக்குப் புதுச்சொல் ரெண்டு, மூணு. அதுக்கு மேல போனா வாசகர் சொல்லை எண்ண ஆரம்பிச்சுடுவார்.

தேவாலாமழை

"கொழுந்து", "லயம்", "கங்காணி" மூணுக்கும் விளக்கம் வேண்டாம், தமிழ் வாசகருக்கு இதெல்லாம் பழகின சொல்லு. ஆனா ஒண்ணு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலேந்து வந்து, அரசு தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்துல வேலைக்குச் சேந்த குடும்பத்தைப் பத்திக் கதை எழுதுறவங்க, அந்த ஒப்பந்த வரலாறையும் கதைக்குள்ள ரெண்டு பக்கம் எழுதிடுறாங்க. திரும்பி வர்றது அந்த ரெண்டு பக்கத்தாலதான். பாட்டி இன்னமும் "கண்டிப் பக்கம்"னு சொல்றான்னு ஒரு வரி போதும்.

கவ்வாத்துக்கத்தி (குன்னூர்)

இனி காரணம் கேட்கும் விஷயம். கேட்கலாம், ஆனால் கிடைக்கும் பதில் காரணமாக இருக்காது. பதினைந்து நாள் முன்பு படித்த கதையைப் பற்றி ஆசிரியர் நினைவிலிருந்து எதையாவது எழுதுவார். நீங்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டு முடிவை மாற்றுவீர்கள். கேட்காமல் வரும் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

வந்த வார்த்தையை அதன் எடைக்கு மேல் படிக்கக் கூடாது, கீழேயும் படிக்கக் கூடாது. "இதழின் போக்குக்குப் பொருந்தவில்லை" என்றால் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். "வேறு இருந்தால் அனுப்புங்கள்" என்பது மரியாதைக்குச் சொல்வது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தவறு. சும்மா சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. ஆறு வாரத்துக்குள் வேறொன்று அனுப்புங்கள், முதல் வரியில் அவர் கேட்டதை நினைவூட்டுங்கள். அதற்காக அன்று இரவே அவசரமாக ஒன்றை எழுதி அனுப்புவது அதைவிடத் தவறு. "முடிவு சரியில்லை, மாற்றினால் பார்க்கலாம்" என்பது மறுப்பே அல்ல. மாற்ற விருப்பமென்றால் மூன்று வாரத்தில் மாற்றிக் கொடுங்கள். விருப்பமில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வேறிடம் பாருங்கள், இழுக்க வேண்டாம்.

திருத்துவதற்குக் கணக்கு: ஒருவர் சொன்னால் குறித்து வையுங்கள். தொடர்பில்லாத இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த இடத்தில் கோளாறு நிச்சயம். அவர்கள் சொன்ன மருந்துதான் சரி என்று இல்லை, வலிக்கும் இடம் மட்டும் சரி.

கேத்திப் பள்ளத்தாக்கு

குன்னூர் தேயிலை ஏலத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏலத்துக்கு முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வாங்குபவர்களுக்குப் போகும். அவர்கள் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு முடிவு செய்வார்கள். விலை படியாத லாட்டு திரும்பும். தேயிலை கெட்டது என்பதால் அல்ல. அந்த வாரம் வாங்குபவர் கையில் அதே ரகம் ஏற்கெனவே இருந்திருக்கும். அது பிறிதொரு வாரம் மறுபடி கேட்லாக்கில் ஏறும். கதையும் அப்படி. போன இதழில்தான் தோட்டத்துக் கதை ஒன்று போட்டிருந்தால் உங்களுடையதற்கு இந்த வாரம் ஏலம் இல்லை.

பண்ணைக்காட்டுக்காரி (கீழ்ப்பழனி)

உவமை நல்லா இருக்கு சார், ஆனா தேயிலையும் மறுபடி மறுபடி ஏறினா பழசாகி விலை இறங்கும்ல? அதையும் சொல்லணும். ஒரே கதை ஏழு இடத்துல திரும்பிச்சுன்னா ஏழு பேருக்கும் கையில சரக்கு இருந்ததுன்னு சொல்லிட்டு இருக்க முடியாது. நாலு இடம் போய் வந்ததும் ஆறு மாசம் தூங்கவிடுங்க. அப்புறம் அடுத்தவர் எழுதினது மாதிரி எடுத்துப் படிங்க.

கேத்திப் பள்ளத்தாக்கு

ஒத்துக்கொள்கிறேன். நான்கு என்பது நியாயமான கணக்கு. ஆனால் அந்த நான்கும் ஒரே ரகம் வாங்குபவர்களாக இருக்கக் கூடாது. தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் கதைக்கு இடதுசாரி மரபில் வந்த தாமரையும் செம்மலரும் ஒரு வகை. சொல்வனம் போல மாதம் இரண்டு முறை வரும் இணைய இதழ்கள் வேறு வகை; அங்கே பக்கக் கணக்கு அச்சைப்போல நெருக்காது, 4,000 சொல் கதைக்கும் இடம் இருக்கலாம். அச்சில் 4,000 சொல் என்றால் வேறு இரண்டு படைப்புகளை எடுக்க வேண்டிவரும். நீளம் மட்டுமே காரணமாகத் திரும்பும் கதைகள் நிறைய. அனுப்புமுன் அந்த இதழின் கடைசி ஆறு பிரதிகளில் வந்த கதைகளின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஊட்டியில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் எந்தெந்த இதழ் வருகிறது என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடலாம்.

முகவரியையும் சமீபத்திய இதழிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1941இல் தொடங்கிய கல்கியே 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. சிற்றிதழ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலாண்டிதழ் என்று போட்டிருக்கும், ஆண்டுக்கு ஒன்று வரும், பிறகு வராது. நின்றுபோன இதழின் மௌனத்தைத் தன் எழுத்தின் மேல் ஏற்றிக்கொள்வது வீண்.

லவ்டேல் வாசகி

ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பாகவோ வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்புறவங்களுக்கு விதி வேற. அங்க பல இதழ்கள் ஒரே சமயத்துல பல இடத்துக்கு அனுப்ப அனுமதிக்கும். ஆனா ஒரு இடத்துல ஏத்துக்கிட்ட அன்னிக்கே மத்த இடங்களுக்குச் சொல்லணும். அஞ்சு கவிதை ஒரே கட்டா, இதழ்களுக்குப் படைப்பு அனுப்புற இணையதளமான சப்மிட்டபிள்ல போயிருந்து அதுல ஒண்ணு மட்டும் வேற இடத்துல போச்சுன்னா, மொத்தத்தையும் வாபஸ் வாங்காதீங்க. இந்தத் தலைப்பு மட்டும் இனி கிடையாதுன்னு அங்கேயே ஒரு செய்தி போட்டாப் போதும். சில இதழ்கள் படிக்கவே 3 டாலர் மாதிரி கட்டணம் கேட்கும். பத்து இடத்துக்குப் போட்டா 30 டாலர், மாசக் கணக்கு வச்சுக்கங்க. கட்டணம் வாங்காத நல்ல இதழ்களும் இருக்கு.

மொழிபெயர்ப்புக்கு மூல ஆசிரியர்கிட்ட, அவர் இல்லன்னா வாரிசுகிட்ட எழுத்துல அனுமதி முதல்ல. இந்தியாவுல எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. அனுமதி இல்லாததால திரும்புற நல்ல மொழிபெயர்ப்பு உண்டு. சாகித்ய அகாதெமியோட 'இந்தியன் லிட்ரேச்சர்' இந்திய மொழிகள்லேந்து ஆங்கிலத்துக்கு வர்றதைப் போடுற இதழ், தமிழ்லேந்து பண்றவங்க அதைப் பார்க்காம விடக்கூடாது.

இன்னொண்ணு: 2023 பிப்ரவரியில கிளார்க்ஸ்வேர்ல்டுங்கிற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதின கதைகள் குவிஞ்சதால படைப்பு வாங்குறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது. எங்க வேணும்னாலும் நடந்திருக்கக்கூடிய பொதுவான கதைகளை இப்ப ஆசிரியர்கள் சந்தேகத்தோடதான் படிக்கிறாங்க. முருகாயியோட எட்டு கிலோவுக்கு மதிப்பு கூடியிருக்கு.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

போட்டிக்கு அனுப்பித் தேறாத கதை? முகநூல்ல போட்ட கதை?

கவ்வாத்துக்கத்தி (குன்னூர்)

போட்டி விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். "பரிசு பெறாத கதைகளையும் தேவைப்பட்டால் பிரசுரிப்போம்" என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் முடிவு வந்த மறுநாளே திரும்பப் பெறும் கடிதம், அதன்பின்தான் வேறிடம். முகநூல், வாட்ஸ்அப் குழு, சொந்த வலைப்பூ எதில் வந்தாலும் பல இதழ்களுக்கு அது வெளியான படைப்புதான். நான்கு பேர் விரும்பினார்கள் என்பதற்காக ஓர் அச்சு வாய்ப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதழில் வந்துவிட்டாலே உரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்.

பண்ணைக்காட்டுக்காரி (கீழ்ப்பழனி)

எல்லாம் சொன்னோம், மனசு பத்திச் சொல்லலை. திரும்பி வந்த அன்னைக்கு என்ன பண்றது?

ஒரு 80 பக்க நோட்டு போடுங்க. குறுக்கே அஞ்சு கட்டம்: தலைப்பு, சொல் கணக்கு, போன இடமும் தேதியும், 90 நாள் முடியிற தேதி, வந்த பதில் அவங்க வார்த்தையிலேயே. ஆறாவதா ஒரு கட்டம், அனுப்புறதுக்கு முன்னாடியே நிரப்பணும்: "இது திரும்பினா அடுத்து எங்கே". மறுப்பு வந்த அன்னைக்கு அடுத்த இடத்தை யோசிக்கிற தெம்பு யாருக்கும் இருக்காது. அதான் தெம்பா இருக்கிற அன்னைக்கே எழுதி வைக்கிறது. கதை திரும்புச்சா, நோட்டைத் தொற, ஆறாவது கட்டத்துல இருக்கிற பேருக்கு ரெண்டு நாள் கழிச்சு அனுப்பு. ரெண்டு நாள் எதுக்குன்னா, அன்னைக்கே அனுப்பினா பழைய ஆசிரியர் பேரையே புதுக் கடிதத்துல விட்டுடுவோம்.

ஒரே கதையை அனுப்பிட்டு அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தா ஒரு மறுப்பு முழு மறுப்பாத் தெரியும். மூணு, நாலு வெளியே இருந்தா ஒண்ணு திரும்புறது ஒண்ணு திரும்புறதுதான். மெயிலை வாரத்துக்கு ஒரு நாள், சந்தைக்குப் போற நாள் மாதிரி வச்சுக்கிட்டுப் பாருங்க. முகநூல்ல ஆசிரியரைப் பேரு சொல்லியோ சொல்லாமலோ திட்டாதீங்க. சொல்லாமத் திட்டினாலும் அவருக்குத் தெரியும், சின்ன ஊரு இது.

திரும்பின கதையை உடனே வீட்டுல படிச்சுக் காட்டவும் வேண்டாம். அவங்க "நல்லாத்தானே இருக்கு"ம்பாங்க. அதனால கதைக்கும் பிரயோஜனம் இல்ல, சமையலும் தீஞ்சுபோகும்.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி)

நோட்டு இன்னிக்கே வாங்கிடலாம். கத்தி அண்ணா எழுதின ரெண்டு கடிதத்தையும் நகலெடுத்து வச்சுக்கிட்டேன்.

தேவாலாமழை

நகலெடுத்தவங்க தேதியை மாத்திட்டு அனுப்புங்க சாமி. மார்ச் 4 கத்தி அண்ணன் சும்மா போட்ட தேதி. பத்து பேரு ஒரே நாள்ல அனுப்பினதா ஒரு ஆசிரியருக்குப் போச்சுன்னா, நீலகிரி மாவட்டத்தையே சேத்து வச்சுத் திருப்பிடுவார்.